குறுக்கே நின்றால் ஐந்து இடம் பின்னால்!



ஆண்டு மலருக்கு மெக்கானிக்கல் பிரிவில் இருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை என்று மலர்க் குழுவில் ஒரே வருத்தம். "காதல் கவிதை கட்டுக் கட்டா வந்திருக்கு மக்கா, நீயாவது ஒரு கட்டுரை எழுதித் தாயேன்" என்று கேட்டார்கள். கவிதை நமக்கு வராது. எனக்குக் கொஞ்சம் தெரிந்த விஷயம் இரண்டுதான். ஒன்று லேத், இன்னொன்று கார் பந்தயம். லேத் என்று தலைப்புப் போட்டால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். ஆகவே கார் பந்தயம்! அதிலும் கோப்பை, ஷாம்பெயின் சமாசாரம் எல்லாம் வேண்டாம். பந்தயத்துக்கு முந்தின நாள் நடக்கிற ஒரு சின்னக் குற்றத்தையும், அதற்குக் கொடுக்கிற தண்டனையையும் பற்றி எழுதுகிறேன். அது ரொம்ப நாளாக என் மனசுக்குள் கிடந்து உருளுகிறது.

"குலசைக்காரனுக்கும் ஃபார்முலா ஒன்னுக்கும் என்னலே சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. எங்கள் ஊர் என்றால் முத்தாரம்மன் கோயில், தசரா, வேஷம் கட்டி வருகிற கூட்டம். அடுத்த ஊர் உடன்குடி என்றால் கருப்பட்டி. என் அப்பா பனையேறி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறான். ராத்திரி வேலை முடிந்து வந்தால் அவன் போனில் பழைய பந்தயங்களைப் போட்டுப் பார்ப்பான். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டே பார்ப்பேன். இந்தப் படிப்பு எனக்கு அப்படித்தான் வந்தது. இதற்கு அரியர் கிடையாது!

முதலில் தகுதிச்சுற்று என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்பதைச் சனிக்கிழமை கடிகாரத்தை வைத்து முடிவு செய்வார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் முழு வேகத்தில் ஒரு சுற்று ஓட வேண்டும். யாரையும் முந்த வேண்டாம், யாரோடும் மோத வேண்டாம். எதிரி கடிகாரம் மட்டும்தான். ஆனால் ஓடுதளம் ஒன்றே ஒன்று! ஒருவர் உயிரைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அப்போதுதான் வெளியே வந்து டயரைச் சூடாக்கிக்கொண்டு மெதுவாகப் போவார். மற்றொருவர் தன் சுற்றை முடித்துவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டிருப்பார். வேகமாக வருகிறவர் வளைவில் நுழையும்போது மெதுவாகப் போகிறவர் பாதையில் நின்றால் அந்தச் சுற்று போச்சு. அரை விநாடி போனால்கூட ஐந்தாறு இடம் போய்விடும்.

இதைத்தான் தடுத்தல் என்கிறார்கள். தண்டனை, நிற்கும் வரிசையில் சில இடங்கள் பின்னுக்குத் தள்ளுவது.

நம்ம ஆள் ஒருவரே இதில் மாட்டியிருக்கிறார். வேறு யாரும் இல்லை, நரேன் கார்த்திகேயன்தான்! 2005ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியர் ஆன நம் தமிழ்நாட்டுக்காரர். இந்தியாவில் முதன்முதலாக ஃபார்முலா ஒன் நடந்தது 2011 அக்டோபர் 30ந் தேதி, டெல்லிப் பக்கம் கிரேட்டர் நொய்டாவில், புத்தர் பெயர் வைத்த ஓடுதளத்தில். எனக்கு அப்போது நாலு வயசு. அங்கன்வாடியில் சத்துமாவு தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பந்தயத்தில் ஓடிய ஒரே இந்தியர் நரேன்தான். சென்னைக்காரர் கருண் சந்தோக்குக்கு அவர் அணி அன்றைக்கு கார் கொடுக்கவில்லை.

நரேன் ஓட்டியது ஹெச்.ஆர்.டி. என்ற ஸ்பெயின் அணியின் கார். வாய்விட்டே சொல்லிவிடலாம், அந்த 24 கார்களில் ஆகக் கடைசிக் கார்களில் அதுவும் ஒன்று. அந்த வருஷம் மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவில் அந்த அணியின் இரண்டு காரையும் பந்தயத்தில் ஓடவே விடவில்லை. காரணம் 107 சதவீத விதி. முதல் கட்டத்தில் மிக வேகமானவர் 100 விநாடி எடுத்தால், 107 விநாடிக்கு மேல் எடுக்கிறவருக்கு மறுநாள் இடம் இல்லை. நடுவர்கள் மனசு வைத்தால்தான் உண்டு. ஆகவே கடைசியில் ஓடுகிறவர்களும் சும்மா உலாத்தவில்லை. நம்ம 40 மார்க் மாதிரி அவர்களுக்கும் ஒரு கோடு உண்டு!

சனிக்கிழமை தகுதிச்சுற்றின் முதல் கட்டம். பின்னால் வேகமாக வந்தவர் மைக்கேல் ஷூமாக்கர். ஏழு முறை உலக சாம்பியன். நரேன் அவரைத் தடுத்துவிட்டார் என்று நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். தண்டனை ஐந்து இடம். ஏற்கனவே கடைக்கோடியில் நிற்கிற மனுசனை ஐந்து இடம் எங்கே இறக்குவது? கிணற்றுக்குள் கிடக்கிறவனைக் கிணற்றில் தள்ளின கதைதான். ஷூமாக்கருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. அவர் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவதாக வந்தார். ஆனாலும் சொந்த நாட்டில் நடக்கிற முதல் பந்தயத்தில், சொந்த சனங்கள் பார்க்க, பேருக்கு நேரே "தடுத்தவர்" என்று எழுதுவது சின்ன விஷயமா?

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு நடுவர்கள் மேல் கோபம்தான் வந்தது. அண்ணனிடம் சொன்னேன். அவன் லோடு வண்டிக்காரன் அல்லவா, வேறு மாதிரி பேசினான். "திருச்செந்தூர் ரூட்ல நீ தினமும் பஸ்ல போறியே, முன்னால போற வண்டி உருட்டும்போது உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

அது உண்மை நண்பர்களே. திருச்செந்தூரில் ஏறி ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி, பழையகாயல் என்று தூத்துக்குடிக்கு வருகிறவர்களுக்கு இது தெரியும். முன்னால் போகிற வண்டி டயம் முடிந்த பிறகும் உருட்டிக்கொண்டே போகும். ஏன்? பின்னால் வருகிற வண்டிக்குச் சேர வேண்டிய டிக்கெட்டையும் தானே அள்ள வேண்டும். பின்வண்டி பக்கத்தில் வந்தவுடன் திடீரென்று வேகம் வந்துவிடும். இந்தப் பக்கம் ஏறினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஏறினால் அந்தப் பக்கம். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு கண்டக்டரும் டைம் கீப்பர் முன்னால் நின்று பேசுகிற தமிழ் இந்த மலரில் அச்சிடத் தக்கதல்ல. நடுவில் கெடுவது யார்? முதல் பீரியடு அட்டெண்டன்ஸ் போகிற நாம்தான்! போன செமஸ்டரில் ஒரு நாள் இப்படி உருட்டின ஒரு வண்டியால் ஒரு இன்டர்னல் டெஸ்டே எனக்குப் போனது. வண்டி பேர் வேண்டாம். அந்த டிரைவருக்கு யாராவது ஐந்து இடம் தண்டனை கொடுத்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

அப்படியென்றால் தடுக்கிறவர்களிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. லாபத்துக்காக மறிக்கிறவன் ஒருவன். முடியாமல் குறுக்கே நிற்கிறவன் இன்னொருவன்.

முதல் ஜாதிக்குக் கார் பந்தய உலகமே சொல்லுகிற உதாரணம் யார் தெரியுமா? நரேன் தடுத்தாரே, அதே ஷூமாக்கர்தான்! 2006 மே மாதம், மொனாக்கோ. தெருவிலேயே நடக்கிற பந்தயம், முந்துவது மகா கஷ்டம், அதனால் முதல் இடத்தில் நிற்பவருக்குப் பாதி வெற்றி. தகுதிச்சுற்று முடிய சில விநாடிகள்தான் இருந்தன. ஷூமாக்கர் நேரம்தான் அதுவரை முதலிடம். பின்னால் ஃபெர்னாண்டோ அலோன்சோ அதைவிட வேகமாக வந்துகொண்டிருந்தார். லா ரஸ்காஸ் என்ற குறுகலான வளைவில் ஷூமாக்கரின் கார் சரியாகத் திரும்பாமல் அப்படியே நின்றுவிட்டது! மஞ்சள் கொடி காட்டப்பட்டது, அலோன்சோவின் சுற்று கெட்டது. "தவறிவிட்டது" என்றது ஷூமாக்கர் தரப்பு. நடுவர்கள் மணிக்கணக்காகக் கணினிப் பதிவுகளைப் பார்த்தார்கள். பிரேக் எப்படி மிதித்தார், ஸ்டியரிங் எப்படித் திருப்பினார் என்று அலசி, வேண்டுமென்றே நிறுத்தினார் என்று முடிவு செய்து, அவருடைய தகுதிச்சுற்று நேரங்களை எல்லாம் அழித்துக் கடைசிக்கு அனுப்பினார்கள். பின்னாலிருந்து கிளம்பியும் மனுசன் ஐந்தாவதாக வந்தார் என்பது வேறு கதை. திறமை என்னவோ திறமைதான்!

அலோன்சோவை உத்தமர் என்று நினைத்துவிடாதீர்கள். 2007 ஹங்கேரியில் அவரும் லூயிஸ் ஹாமில்டனும் ஒரே மெக்லாரன் அணி. டயர் மாற்றின பிறகும் அலோன்சோ பிட்டிலேயே சில விநாடிகள் நின்றார். பின்னால் காத்திருந்த ஹாமில்டனுக்குக் கடைசிச் சுற்று ஓட நேரம் பத்தவில்லை. அலோன்சோவுக்கு ஐந்து இடம். முதலிடத்தில் இருந்து ஆறாவதுக்குப் போனார். அணிக்கும் அந்தப் பந்தயத்தின் அணிப் புள்ளிகள் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு முதலில் முறைகெட்டு நடந்தது ஹாமில்டன்தான், அணி சொல்லியும் அலோன்சோவுக்கு வழி விடவில்லை. அந்தச் சண்டையின் வால்தான் பிட்டில் ஆடியது. ஒரே வீட்டு அண்ணன் தம்பி சண்டை மாதிரி!

ஆனால் இதே அலோன்சோவுக்கு 2006 மோன்சாவில் நடந்தது அநியாயம் என்பது என் கட்சி. அவர் உருட்டவே இல்லை. நேரம் முடிவதற்குள் கோட்டைத் தொட வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தார். பின்னால் ஃபெலிபே மாஸா கொஞ்சம் தள்ளித்தான் வந்தார். ஆனாலும் தடுத்தார் என்று சொல்லி அவருடைய சிறந்த மூன்று நேரங்களை அழித்தார்கள், ஐந்தாவது இடம் பத்தாவது ஆனது. காரணம் காற்று. முன்னால் போகிற கார் காற்றைக் கலைத்துவிடுகிறது. பின்னால் வருகிற காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிற விசை குறைந்து, வளைவில் வழுக்குகிறது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்தில் தூங்கியவர்கள் கவனிக்கவும்! அந்த வாதம் அறிவியல்படி சரிதான். ஆனால் அதை அப்படியே பிடித்தால் ஓடுதளத்தில் இருக்கிற எல்லாரும் குற்றவாளிதான்.

குறுக்கே நிற்பது என்று பேச்சு வந்ததால் எங்கள் ஊர்ச் சேதி ஒன்று. குலசையில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். ஏன் எங்கள் ஊர்? ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கே போகிற ராக்கெட்டுக்கு இலங்கை குறுக்கே நிற்கிறது. அதன்மேல் பறக்கக் கூடாது என்று வளைத்துக்கொண்டு போவதில் எரிபொருள் வீணாகிறது. குலசையில் இருந்து விட்டால் நேரே கடல். சின்ன ராக்கெட்டுக்கு அந்த எரிபொருளே பெரிய சொத்து. இலங்கைக்கு யார் ஐந்து இடம் போடுவது, சொல்லுங்கள்!

சரி, இரண்டாவது ஜாதிக்கு வருகிறேன். முடியாமல் குறுக்கே நிற்கிறவன்.

நம்ம மாதிரி செய்முறைத் தேர்வில் நடந்தது இது. லேத்துகளில் சிலது ரிப்பேர். ஆகவே இரண்டு பேருக்கு ஒரு லேத். முதல் பாதி நேரம் அவனுக்கு, அடுத்த பாதி எனக்கு. எனக்கு முன்னால் நின்றவனும் என்னைப் போலத்தான், வீட்டில் முதலில் படிக்க வந்தவன். மைல்ட் ஸ்டீல் கம்பியைச் சக்கில் மாட்டும்போதே கை நடுங்கியது. டூலைச் சென்டருக்குச் சரியாக வைக்கவே கால் மணி நேரம். அப்புறம் டூல் முனை உடைந்தது. மறுபடி கிரைண்டிங். என் நேரத்தில் முப்பத்தைந்து நிமிடம் அவனிடமே போய்விட்டது. நான் ஃபேசிங், ஸ்டெப் டர்னிங் முடித்து டேப்பரும் முடித்தேன்; நர்லிங் போட நேரம் இல்லை. நேரம் தாண்டியதற்காக அவனுக்கு ஐந்து மார்க் குறைத்தார்கள். ஐந்து! ஆனால் எனக்கு முப்பத்தைந்து நிமிடத்தை யாரும் திருப்பித் தரவில்லை. அவன் வெளியே வேப்பமரத்தடியில் நின்று அழுதான். எனக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் ஒரு டீயை வாங்கிப் பாதி பாதி குடித்தோம்.

அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு நரேன் விஷயம் சரியாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். தண்டனை என்பது தடுத்தவனிடம் இருந்து எடுக்கிறது, தடுக்கப்பட்டவனுக்குக் கொடுப்பதில்லை. கொடுக்கவும் முடியாது. நேரம் போய்விட்டது, டயரின் நல்ல பிடிப்பு தேய்ந்துவிட்டது, வெயில் மாறி ஓடுதளத்தின் சூடும் மாறிவிட்டது. "வா தம்பி, இன்னொரு தடவை ஓடு" என்றால் அது அதே சுற்று ஆகாது. பெரிய அணியிடம் இன்னொரு செட் டயரும், இன்னொரு முறை ஓடும் வேகமும் இருக்கும். பின்வரிசைக்காரனுக்கு அதுவும் கிடையாது.

இதில் யாரும் பேசாத இன்னொரு பக்கமும் உண்டு. வேகக் கார் வருகிறது என்று நீலக்கொடி ஆட்டுகிறார்கள். காதில் எஞ்சினியர் "வருகிறான், வருகிறான்" என்கிறார். மெதுவான கார் பாதையை விட்டு ஓரம் போகிறது. ஓரத்தில் என்ன இருக்கிறது? தூசியும், தேய்ந்து விழுந்த ரப்பர்த் துணுக்கும். அது டயரில் ஒட்டிக்கொள்கிறது, டயர் ஆறிவிடுகிறது. இப்போது அவன் சுற்றும் கெட்டது. 107 சதவீதக் கோட்டைத் தொட அவனுக்கும் ஒரு சுற்று வேண்டும் அல்லவா? அவன் சுற்றைக் கெடுத்தது யார்? யாரும் இல்லை! அதற்குத் தண்டனையும் இல்லை, விசாரணையும் இல்லை.

மெட்ராலஜி லேபில் கோ, நோ-கோ கேஜ் வைத்துப் பார்ப்போமே, அதுபோலத்தான் இந்த விதி. அது "ஏன் அளவு தப்பியது, வேண்டுமென்றா, கை தவறியா?" என்று கேட்காது. நுழைந்தால் சரி, இல்லையென்றால் தள்ளு. நடுவர்களும் வேண்டுமென்றே செய்தாயா என்று மட்டும் பார்ப்பதில்லை. தேவையில்லாமல் தடுத்தாயா என்று பார்க்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். மனசை அளக்க எந்த கேஜும் இல்லை, விநாடியை அளக்க உண்டு. 2018 ஆஸ்திரியாவில் செபாஸ்டியன் வெட்டல், கார்லோஸ் சைன்ஸைத் தடுத்ததற்காக மூன்று இடம் இழந்தார். பின்னால் ஆள் வருகிறான் என்று அவருடைய அணி ரேடியோவில் சொல்லவில்லை. சொல்லாதவன் குற்றம், ஆனாலும் தண்டனை ஸ்டியரிங் பிடித்தவனுக்கு. இதுவும் சரி என்றுதான் சொல்வேன், இல்லாவிட்டால் எல்லாரும் "எனக்கு யாரும் சொல்லலை சார்" என்பார்கள். நாம் சொல்லாததா!

ஆனால் கேஜுக்கு இரண்டு முனை உண்டு நண்பர்களே. இந்த விதிக்கு ஒரு முனைதான் இருக்கிறது. பின்னால் வருகிறவன் இழந்ததை அளக்கிறது, வழி விட்டவன் இழந்ததை அளப்பதில்லை. தடுத்ததால் என்ன லாபம் என்பதையும் சரியாக அளப்பதில்லை. மொனாக்கோவில் ஷூமாக்கருக்கு முதலிடம் லாபம். நொய்டாவில் நரேனுக்கு என்ன லாபம்? ஷூமாக்கரோடு அவருக்குப் போட்டியே இல்லையே! நான் நடுவராக இருந்தால் லாபம் இல்லாதவனுக்கு ஒரு எச்சரிக்கை, லாபத்துக்கு மறித்தவனுக்குக் கடைசி இடம் என்று வைப்பேன். நம்மை யார் கேட்கப் போகிறார்கள்?

இப்போது கொஞ்சம் நிதானித்துத் தண்டனை கொடுப்பதும் நடக்கிறது. 2024 கத்தாரில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் தேவைக்கு மேல் மெதுவாகப் போய் ஜார்ஜ் ரஸ்ஸலுக்கு இடைஞ்சல் செய்தார் என்று விசாரித்தார்கள். இரண்டு பேருமே அப்போது முழுவேகச் சுற்றில் இல்லை என்பதால் ஒரே ஒரு இடம்தான் இறக்கினார்கள். முதலிடம் ரஸ்ஸலுக்குப் போனது. மறுநாள் ஜெயித்தது என்னவோ வெர்ஸ்டாப்பன்தான்.

நரேனுக்கு மட்டும் ஏனோ ராசி அப்படி. 2012 மார்ச்சில் மலேசியா, நல்ல மழை. மழை டயரோடு கிளம்பியதால் அந்த ஓட்டை ஹெச்.ஆர்.டி. காரில் பத்தாவது இடம் வரைக்கும் வந்துவிட்டார். மழைக்காகப் பந்தயத்தை நிறுத்தியபோது அவர் நின்ற இடம் அதுதான்! அப்புறம் வழக்கம்போலப் பின்னுக்குப் போய், வெட்டல் அவரைக் கடக்கும்போது இரண்டு காரும் உரசி வெட்டலின் டயர் போனது. நரேனுக்கு 20 விநாடி தண்டனை. பந்தயம் முடிந்து அந்த உலக சாம்பியன் நம்ம ஆளைப் பற்றிப் பேசிய பேச்சு கேட்கச் சகிக்காது. அந்த வருஷக் கடைசியில் ஹெச்.ஆர்.டி. அணியையே மூடிவிட்டார்கள். நொய்டாவிலும் 2013க்குப் பிறகு ஃபார்முலா ஒன் நடக்கவில்லை.

ஆனால் அந்த 2011 அக்டோபர் 30ந் தேதி ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஐந்து இடத் தண்டனையோடு கடைக்கோடியில் நின்று கிளம்பினார் நரேன். ஐந்து கார்கள் பாதியில் நின்றன. அவர் நிற்கவில்லை. பதினேழாவதாகக் கோட்டைத் தாண்டினார். அவருக்குப் பின்னால், அதே அணியில், அதே மாதிரிக் காரில், பதினெட்டாவதாக வந்தவர் டேனியல் ரிக்கியார்டோ. பிற்பாடு எட்டு கிராண்ட் பிரி ஜெயித்தாரே, அவரேதான்.

இதை அண்ணனுக்கு அந்த வீடியோவில் போட்டுக் காட்டினேன். கடைசி வரைக்கும் பார்த்தான். "நல்லாத்தான் ஓட்டியிருக்காரு. இவருக்கு அந்த முன்னால போற வண்டில ஒண்ணைக் கொடுத்திருந்தா என்னலே?" என்று கேட்டுவிட்டு, காலையில் நாலு மணிக்கு லோடு ஏற்ற வேண்டும் என்று போனை வாங்கி வைத்துவிட்டுப் படுத்துவிட்டான்.